சூரியனுக்கு வெடி வைக்கும் ஊர்

நான் இருக்கிற ஊரின் பெயரைச் சொன்னால் ஒஸ்லோவில் இருக்கிற எங்கட சனமே "அது எந்தப் பக்கம்?" என்று கேட்கும். வார்டோ என்று சொல்லி, நோர்வே வரைபடத்தின் வலது மேல் மூலையில், இனிமேல் தரை இல்லை என்கிற இடத்தில் விரலை வைத்துக் காட்டவேண்டும். அது ஒரு தீவு. இஸ்தான்புல்லை விடக் கிழக்கே இருக்கிறது, சென் பீற்றர்ஸ்பேர்க்கை விடவும் கிழக்கே. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. நானும் நம்பவில்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அட்லஸை வாங்கிப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

நவம்பர் கடைசியில் சூரியன் போனால் ஜனவரி 20 அளவில்தான் திரும்பி வரும். அது முழு வட்டமாகத் தெரிகிற அன்று கோட்டையில் பீரங்கி வெடி வைப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு அன்று லீவு. நான் வந்த முதல் வருடம் இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஹோட்டல் குசினியில் அல்ல, அப்போது மீன் பக்டரியில் நின்றேன். வெடிச்சத்தம் கேட்டதும் கத்தியைப் போட்டுவிட்டு மேசைக்குக் கீழே போய்விட்டேன். பக்கத்தில் நின்ற பின்லாந்துக்காரி சிரிக்கவில்லை. கையைப் பிடித்துத் தூக்கி, ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போய், "சூல், சூல்" என்றாள். நோர்வே மொழியில் சூல் என்றால் சூரியன். எங்களுக்குச் சூல் என்றால் வேறு. இரண்டும் பிறப்போடு சம்பந்தப்பட்டதுதானே என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

2002இல் வந்தேன். அதற்கு முதல் ஒஸ்லோவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். ஏஜென்சிக்காரனுக்குக் கட்டவேண்டிய கடன் இருந்தது. மனிசியைக் கூப்பிடுவதென்றால் சம்பளக் கணக்குக் காட்டவேண்டும், அதற்குக் கோப்பை கழுவுகிற காசு காணாது. "வடக்கே போ தம்பி, மீன் பக்டரியில வேலை நிரந்தரம், வீடும் மலிவு" என்று ஒரு அண்ணை சொன்னார். அதுதான் காரணம் என்று இத்தனை வருடமும் எல்லாருக்கும் சொல்லிவந்தேன். இன்னொரு காரணமும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கரையோரக் கப்பல் அதிகாலை மூன்று மணிக்குப் பிறகுதான் வார்டோவுக்கு வரும். இறங்கினபோது ஒக்டோபர் மாதம். குளிர் என்று பயந்துகொண்டு வந்தேன், ஆனால் இங்கே குளிர் பெரிய விசயமில்லை. அத்திலாந்திக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டத்தால் கடல் உறைவதில்லை. உள்நாட்டில் கரசோக்கில் மைனஸ் முப்பது, நாற்பது என்று போகும்போது இங்கே மைனஸ் ஐந்து, ஆறுதான் இருக்கும். காற்றுத்தான் ஆளைக் கொல்லும். மரம் என்று ஒன்று இந்த ஊரில் வளராது. கோட்டைக்குள் ஒரு றோவன் மரத்தை வைத்து, மாரியில் அதைச் சுற்றிக் கட்டி, பிள்ளையைப் போலப் பார்ப்பார்கள். பனைக்குள் வளர்ந்த எனக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது.

எங்கட ஆட்கள் எனக்கு முன்னமே இங்கே வந்திருந்தார்கள். நோர்வேக்கு வந்த முதல் ஈழத்தமிழர் என்று எல்லாரும் சொல்லும் அந்தோனி ராஜேந்திரம் 1956இல் வந்தார், அவரும் மீன் விசயமாகத்தான். பிறகு அவருடைய முயற்சியில் காரைநகரில் சீ-நோர் வந்தது, வள்ளம் கட்டினார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்தில் சீ-நோர் வள்ளம் என்றால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எண்பதுகளில் பெடியள் இங்கத்தைய நாட்டார் உயர்பள்ளிகளுக்கு மாணவர்களாக வந்து, பிறகு அகதிகளாகி, பின்மார்க் கரையோரத்து மீன் பக்டரிகளுக்குள் போனார்கள். ஹம்மர்பெஸ்ட், ஹொன்னிங்ஸ்வோக், போட்ஸ்பியூர்ட், வாட்சோ, வார்டோ. நோர்வேஜியப் பெடியள் அந்த வேலையை விட்டுத் தெற்கே ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் விட்ட கத்தியை எங்கட ஆட்கள் எடுத்தார்கள். இதை ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் ஈரச் சப்பாத்துக்குள் எட்டு மணித்தியாலம் நின்று கொட் மீனைப் பிலே வெட்டினவனுக்கு அது ஒரு வரி இல்லை.

மீன் தலையை எறிவார்கள் என்று நினைத்து, "தலையை எனக்குத் தாங்கோ" என்று கேட்டேன். எறிவதில்லையாம். காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புவார்களாம். நாக்கை மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து வெட்டி எடுத்து விற்றுக் கைக்காசு உழைப்பார்கள். பத்து வயதுப் பெட்டை கத்தியோடு நின்று சறுக் சறுக்கென்று வெட்டுகிற வேகத்தைப் பார்த்தால் பயமாயிருக்கும். கருவாடும் இங்கே உண்டு, ஆனால் உப்பில்லை. மரச்சட்டங்களில் இரண்டு இரண்டாகக் கட்டித் தொங்கவிட்டால் காற்றே காயவைத்துவிடும். முதல் தடவை அதை வாங்கி எங்கட முறையில் குழம்பு வைத்தேன். கட்டையைத் தின்பது போல இருந்தது. நாட்கணக்காகத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும் என்று பிறகுதான் தெரியும். இப்போது அதே மீனை ஹோட்டலில் உல்லாசப் பயணிகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பக்டரியில் தமிழ், ருஷ்யன், பின்னிஷ், நோர்ஸ்க் எல்லாம் கலந்த ஒரு பாசை ஓடியது. நாங்கள் கண்டுபிடித்தது என்று நினைத்தேன். இந்த ஊருக்கு அது பழகின விசயம். 1917 ருஷ்யப் புரட்சி வரைக்கும் வெள்ளைக்கடலிலிருந்து பொமோர் வணிகர்கள் கோதுமை, றை மாவோடு வந்து மீன் வாங்கிப் போவார்கள். அவர்களும் இவர்களும் கதைக்க ஒரு கலப்புப் பாசையே இருந்தது. ருசெநோர்ஸ்க் என்று பெயர். தான் மற்றவனுடைய பாசையைக் கதைப்பதாகத்தான் இரண்டு பேரும் நினைத்தார்களாம்.

நான் கம்பஸில் வரலாறு படித்தவன். படித்து முடிக்காதவன் என்று சொல்வதுதான் சரி. 1999இல் இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வெளிக்கிட்டேன். அதனாலோ என்னவோ, ஒரு ஊருக்குப் போனால் அதன் பழைய கதையைக் கிண்டாமல் இருக்கமுடியாது. வார்டோவின் கதையைக் கிண்டக் கிண்ட, எனக்கு அறிமுகமான ஆட்களே வந்துகொண்டிருந்தார்கள். அதுதான் இதை எழுதக் காரணம்.

1599இல் டென்மார்க்-நோர்வே அரசன் நாலாம் கிறிஸ்தியான் தானே கப்பலேறி வடமுனையைச் சுற்றிக்கொண்டு இந்த வார்டோவுக்கு வந்தான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. இந்தக் கடல் தன்னுடையது என்று ருஷ்யனுக்கும் சுவீடனுக்கும் காட்டவேண்டியிருந்தது. கோப்பன்ஹேகனிலிருந்து அதே அரசன் அனுப்பின கப்பல்கள் 1620இல் எங்கட பக்கம் வந்தன. ஓவ கியட்ட என்கிற தளபதி முதலில் இலங்கைக்கு வந்து, கண்டி அரசன் செனரத்தோடு பேசி, திருகோணமலையில் கால்வைக்கப் பார்த்தான். சரிவரவில்லை. பிறகு தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியை எடுத்துக்கொண்டார்கள். 1845 வரை அது டேனிஷ்காரரின் கையில் இருந்தது. அதற்கு ஒரு வருடம் முதல், 1619இல், யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் விழுந்து சங்கிலி பிடிபட்டான். வார்டோவும் தரங்கம்பாடியும் ஒரே அரசனின் இரண்டு ஓரங்கள்! இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

இன்னும் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் படித்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்த சீகன்பால்குவை எல்லாருக்கும் தெரியும். 1714இல் கோப்பன்ஹேகனில் ஒரு மிஷன் சபையை அரசன் அமைத்தான். தரங்கம்பாடித் தமிழரை மதம் மாற்றுகிற வேலையும், இங்கே பின்மார்க்கில் இருக்கும் சாமி மக்களை மாற்றுகிற வேலையும் அந்த ஒரே சபையின் பொறுப்பில் இருந்தன. ஒரே மேசையில் இரண்டு கோப்பு. இங்கத்தைய சாமிக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அப்ப நாங்கள் சொந்தக்காரர்" என்றார். அவருடைய ஆட்கள் மத்தளத்தை அடித்து வழிபட்டவர்கள். அன்டர்ஸ் பவுல்சன் என்கிற சாமிக் கிழவரைப் பிடித்து, அவருடைய மத்தளத்தைப் பறித்து, 1692இல் வாட்சோவில் விசாரித்தார்கள். தீர்ப்பு வரமுதல் ஒருவன் அவரைக் கோடரியால் கொத்திக் கொன்றுவிட்டான். மத்தளம் கோப்பன்ஹேகனுக்குப் போனது. அது சாமி மக்களுக்கே உரியதென்று எழுதிக் கொடுக்க 2022 ஆகியது.

1769 கதை எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளிக்கோள் சூரியனுக்குக் குறுக்கே போவதை அந்த ஜூனில் உலகம் முழுக்க இருந்து அளந்தார்கள். சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதை வைத்துத்தான் கணக்குப் போடலாம். வியன்னாவிலிருந்து மக்சிமிலியன் ஹெல் என்கிற யேசுசபைப் பாதிரியார் 1768 ஒக்டோபரில் வார்டோவுக்கு வந்து, மாரி முழுக்க இருட்டுக்குள் இருந்து காத்துக்கொண்டிருந்தார். ஜூனில் இங்கே சூரியன் மறையாதபடியால் இரவிலும் பார்க்கலாம். அன்றும் முகில்தான். ஆனால் வேண்டிய நேரத்தில் முகில் விலகியது. அதே வெள்ளியைப் பார்க்க லு ஜான்தி என்கிற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் நின்றார். 1761இல் வந்தபோது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்ததால் நடுக்கடலில் கப்பலில் நின்று, அளக்கமுடியாமல் போனவர். எட்டு வருடம் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே அலைந்து, தமிழ்க் கணக்கர்களிடம் கிரகணக் கணக்குக்கூடப் படித்துக்கொண்டு காத்திருந்தார். அன்று காலை புதுச்சேரியில் முகில். விலகவில்லை. ஊருக்குத் திரும்பினால் அவர் செத்துப்போனதாக முடிவு கட்டி, அவருடைய பதவியையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கட புதுச்சேரி வெயிலில் கிடைக்காத சூரியன் இந்த வார்டோவில் கிடைத்திருக்கிறது.

நான் முதல் குடியிருந்த வீட்டுக்காரிக்கு அப்போது எண்பது வயதிருக்கும். 1944இல் ஜேர்மன்காரர் பின்வாங்கும்போது பின்மார்க்கை எரித்துக்கொண்டே போனார்கள். ஐம்பதினாயிரம் சனத்தைப் பலவந்தமாகத் தெற்கே ஏற்றினார்கள். ஓடி ஒளித்தவர்கள் குகைகளிலும் படகுகளுக்கு அடியிலும் இருந்தார்கள். கிர்கெனெஸ் பக்கத்தில் பியோர்னெவாட்ன் இரும்புச் சுரங்கத்துக்குள் ஆயிரக்கணக்கான சனம் இருந்தது, பிள்ளைகளும் அங்கேயே பிறந்தன. வார்டோவில் சோவியத் குண்டும் ஜேர்மன் நெருப்பும் சேர்ந்து ஊரின் பெரும்பகுதியை முடித்துவிட்டன. கிழவிக்கு நான் 1995 ஒக்டோபர் 30 கதையைச் சொன்னேன். மழை, இருட்டு, நாவற்குழிப் பாலம், ஒரே இரவில் வலிகாமமே வெளிக்கிட்டது. மனிசி ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய்க் கோப்பி போட்டுக்கொண்டு வந்து, "திரும்பிப் போகவேண்டாம் என்று எங்களுக்கும் அரசாங்கம் சொன்னது, நாங்கள் போனோம்" என்றா. "நீங்கள் போனீங்களா?" என்று கேட்டா. "ஓம், ஆறு மாதத்தால போனனாங்கள்" என்றேன். போன பிறகு நடந்ததை அவவுக்குச் சொல்லவில்லை.

இனி அதைச் சொல்லவேண்டும்.

வார்டோவின் கதையில் ஒரு பக்கத்தை ஊர்க்காரரே கனகாலம் கதைக்காமல் வைத்திருந்தார்கள். 1617 நத்தாருக்கு முதல் நாள், கிபர்க்கிலிருந்தும் வார்டோவிலிருந்தும் கடலுக்குப் போன வள்ளங்களில் பத்து, திடீர்ப் புயலில் போய்விட்டது. நாற்பது ஆண்கள். ஒரு சின்ன ஊரில் நாற்பது ஆண்கள் என்றால் எவ்வளவு என்று கரையோரத்தில் பிறந்தவனுக்கு விளங்கும். அதே வருடம் நாலாம் கிறிஸ்தியான் சூனியக்காரருக்கு எதிராக ஒரு சட்டம் போட்டான். 1620இல் அது பின்மார்க்கில் வாசிக்கப்பட்டது (ஆம், தரங்கம்பாடி வருடம்!). 1621இல் பெண்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். ஸ்கொட்லாந்துக்காரனான ஜோன் கன்னிங்ஹாம் அப்போது கோட்டை அதிகாரி. பிடித்த பெண்ணைக் கையும் காலும் கட்டிக் கடலில் போடுவார்கள். மிதந்தால் சூனியக்காரி. ஒரு கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டு, துப்பி, அவிழ்த்துத்தான் அந்தப் புயலை எழுப்பினோம் என்று ஒருத்தி ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டால் போதாது, ஆர் ஆர் உன்னோடு இருந்தது என்று கேட்பார்கள். அவள் பெயர் சொல்லுவாள். அந்தப் பெயருக்குரியவள் வருவாள். அவளும் பெயர் சொல்லுவாள். 1662-63இல் சின்னப் பெட்டைகளையும் விசாரித்தார்கள். நல்லகாலம், ஒரு மேல்நீதிபதி வந்து பிள்ளைகளை விட்டார். 1600க்கும் 1692க்கும் இடையில் 91 பேர். பின்மார்க்கின் மொத்தச் சனமே அப்போது மூவாயிரம் அளவுதான்.

2011இல் கடற்கரையில் ஸ்டெய்ல்நெசெட் என்கிற இடத்தில் அவர்களுக்கு நினைவிடம் கட்டினார்கள். மீன் காயவைக்கிற சட்டம் மாதிரி மரத்தை நட்டு, அதில் நூற்றி இருபத்தைந்து மீட்டர் நீளத்துக்குத் துணியால் ஒரு கூடு. உள்ளே இருட்டு. தொண்ணூற்றியொரு சின்ன ஜன்னல், ஒவ்வொன்றிலும் ஒரு மின்குமிழ், பக்கத்தில் பெயர், குற்றச்சாட்டு, தீர்ப்பு. பக்கத்துக் கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு கதிரை எரிந்துகொண்டே இருக்கிறது. மகளுக்கு அப்போது ஆறு வயது. ஊரே போனது, நாங்களும் போனோம். அவள் ஒவ்வொரு குமிழாக எண்ணிக்கொண்டு வந்தவள், நடுவில் நின்று, "அப்பா, இவை ஏன் மற்ற ஆக்களின்ர பேரைச் சொன்னவை?" என்று கேட்டாள். "அடிச்சால் சொல்லத்தானே வேணும்" என்று சொன்னேன். "நீங்கள் சொல்லுவீங்களோ?" என்றாள்.

1996 ஓகஸ்டில் சுற்றிவளைப்பில் என்னைப் பிடித்துப் பதினொரு நாள் ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். என்ன செய்தார்கள் என்று எழுதப்போவதில்லை, வாசிக்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெயர் கேட்டார்கள். நான் இரண்டு பெயர் சொன்னேன். ஒருவன் எப்போதோ வன்னிக்குப் போய்விட்டவன். மற்றவன் என்னோடு ரியூசனுக்கு வந்தவன், இயக்கத்துக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கொழும்புக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால்தான் சொன்னேன். இல்லாத ஆளின் பெயர் ஒருவருக்கும் பாதகம் இல்லை என்று நினைத்தேன். அவன் போயிருக்கவில்லை. பாஸ் கிடைக்காமல் வீட்டில்தான் இருந்திருக்கிறான். நான் வெளியே வந்து ஐந்தாம் நாள் அவனைக் கொண்டுபோனார்கள். நான் சொன்னதால்தானா, வேறு எவனும் சொன்னானா, எனக்குத் தெரியாது. தாய்மனிசி அந்த வருடம் காணாமல்போன மற்றப் பிள்ளைகளின் தாய்மாரோடு படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றா. நான் கம்பஸ் போகும்போது சைக்கிளை வேறு ஒழுங்கையால் விட்டேன்.

ஒஸ்லோவில் ஒரு தமிழ்க்கடையில் அவனுடைய அக்காவைக் கண்டேன். என்னை அவவுக்குத் தெரியவில்லை. வாங்கின சாமானை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அடுத்த மாதம்தான் அந்த அண்ணையிடம் வடக்கே வேலை இருக்குதோ என்று கேட்டேன். அகதியாக வந்தவன் இன்னொருதரம் ஓடி, ஓட நிலம் முடிகிற இடத்தில் நின்றேன். அங்கே பார்த்தால் இப்படியொரு ஊர்.

மகளுக்கு அன்று பதில் சொல்லவில்லை. "வா, குளிருது" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் வேலை செய்த பக்டரி பிறகு மூடிவிட்டது. எங்கட குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் போய்விட்டன. பிள்ளைகளின் தமிழ் வகுப்பு நின்றது, பொங்கலுக்கு ஒன்றுகூட ஆளில்லை. அறுபதுகளில் நாலாயிரத்துக்கு மேல் இருந்த ஊரில் இப்போது இரண்டாயிரம் பேர்கூட இல்லை. 1982இல் கடலுக்கு அடியால் சுரங்கப்பாதை வெட்டினார்கள், நோர்வேயில் அதுதான் முதலாவது. சனம் வரட்டும் என்று வெட்டின வழியால் சனம் வெளியேபோனது. நாங்கள் இருந்தோம். மனிசி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறா, நான் குசினியில். இப்போது மகள் படிக்கிறதுக்கு ஒஸ்லோ போய்விட்டாள். "இனி இங்க ஆருக்காக இருக்கிறம்?" என்று மனிசி கேட்கிறா. நியாயமான கேள்வி.

2025இல் செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில் திரும்பத் தோண்டினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடப் பையும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டிருந்தார்கள். வேலை முடிந்து இரவு இரவாக ரெலிபோனில் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதைத் தேடினேன் என்று தெரியவில்லை, எலும்பில் ஆளைத் தெரியுமா? ஒருநாள் இரவு பன்னிரண்டு மணிக்கு ஸ்டெய்ல்நெசெட்டுக்கு நடந்துபோய், அந்தத் துணிக்கூட்டுக்குள் கடைசிவரை நடந்து திரும்பிவந்தேன். முந்நூற்றைம்பது, நாநூறு வருடத்துக்குப் பிறகும் அங்கே ஆளுக்கு ஒரு பெயரும் ஒரு விளக்கும் இருக்கிறது. ஆர் ஆரைச் சொன்னது என்பதும் எழுதியிருக்கிறது.

நவம்பரில், சூரியன் போன கிழமை, மகளிடம் சொல்லி அக்காவின் நம்பரைத் தேடி எடுத்தேன். எடுத்துச் சொன்னேன். தகப்பன் பெயரையும் ஒழுங்கையையும் சொன்னதும் அவவுக்குப் பிடிபட்டுவிட்டது. "நீர் அவனோட படிச்சனீர் என்ன?" என்றா. "ஓம் அக்கா. அவனைப் பற்றி ஒரு விசயம் சொல்லவேணும். போனில சொல்லக் கூடாத விசயம்" என்றேன். கனநேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதாக்கும் என்று பார்த்தேன், இல்லை. பிறகு, "அம்மா இன்னும் இருக்கிறா, தொண்ணூறு வயது, என்னோடதான்" என்றா. "நேர வாரும்."

ரிக்கற் போட்டிருக்கிறேன். ஜனவரி 27. அதற்கு முதல் வெடி வைத்துவிடுவார்கள்.